காற்றில்லாச் சேற்றில் துருப்பிடிக்க வைக்கும் பாக்டீரியா: டெல்டா வயல் மண்ணிலிருந்து வளர்த்தெடுக்கும் முழு வழிகாட்டி

சம்பா நட்டு ஒரு மாதம் ஆன வயலில் இறங்கி, கையை விட்டு ஒரு பிடி சேற்றை அள்ளிப் பாருங்கள். மேலே நகக்கனத்துக்குக் காவி நிறம். அதற்குக் கீழே பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். அந்தச் சாம்பல் கட்டியை உடைத்துக் கரையில் வைத்தால் சற்று நேரத்திலேயே வெளிப்புறம் பழுப்பாகத் தொடங்கும். சாம்பல் நிறம் இன்னும் துருப்பிடிக்காத ஃபெரஸ் இரும்பைச் சேர்ந்தது, காவி ஃபெரிக் இரும்பு, அதாவது துரு. காற்று பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றே புகாத ஆழத்திலும் அது துருவாகிறது, ஆக்சிஜன் செய்யும் வேலையை நைட்ரேட் செய்கிறது, அதை நடத்தி வைப்பவை சில பாக்டீரியாக்கள் என்பதை 1996-இல் ஜெர்மனியில் ஸ்ட்ராப், விட்டெல் குழுவினர் காட்டினார்கள். 2001-இல் ராட்டரிங், ஷ்னெல் இருவரும் நெல் வயல் மண்ணிலேயே இது நடப்பதைக் காட்டினார்கள்.

கணக்கு இதுதான்: பத்து ஃபெரஸ் அயனிக்கு இரண்டு நைட்ரேட் செலவாகிறது. கிடைப்பது பத்து ஃபெரிக் ஹைட்ராக்சைடு, ஒரு நைட்ரஜன் வாயு மூலக்கூறு, கூடவே பதினெட்டு ஹைட்ரஜன் அயனி. இந்தப் பதினெட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

கல்லூரி ஆய்வகத்தில் எம்.எஸ்சி. அளவில் செய்யக்கூடிய முறையை இங்கே சொல்கிறோம். முதலிலேயே ஒன்று: பாட்டில் சிவப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. சிவக்க வைக்கக் காற்றும் போதும், நைட்ரேட் ஒடுங்கும் வழியில் வரும் நைட்ரைட்டும் போதும். இந்த வேலையில் உழைப்பின் பெரும்பகுதி, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கண்ட்ரோல் பாட்டில்களுக்கே போகும். அவற்றைச் சிக்கனப்படுத்தினால் மிஞ்சுவது ஒரு செந்நிறப் புகைப்படம் மட்டும்.

எங்கே, எப்போது மண் எடுப்பது

தண்ணீர் தொடர்ந்து நின்று மூன்று முதல் ஆறு வாரம் ஆன வயல் உத்தமம். குறுவையானால் ஜூலை, ஆகஸ்ட். சம்பா, தாளடியானால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. சேடை ஓட்டிய முதல் வாரத்தில் இரும்பு இன்னும் முழுதாக ஒடுங்கியிருக்காது, அதாவது ஃபெரஸாக மாறியிருக்காது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வயலிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் உயிர் பிடிக்க நாளாகும்.

யூரியா மேலுரம் போட்டு ஒரு வாரத்துக்குள் எடுத்தால் இன்னும் நல்லது. யூரியா அம்மோனியமாகி, மேலே உள்ள அந்தக் காவிப் படலத்தில் நைட்ரேட்டாகிறது. நைட்ரேட்டுக்கு மண் துகள்களில் ஒட்டும் குணம் குறைவு. அதனால் கீழே இறங்கிச் சாம்பல் படலத்தைத் தொடுகிறது. நாம் தேடும் பாக்டீரியா குடியிருப்பது இந்த எல்லையில்தான். வேரை ஒட்டிய இடமும் அப்படியே. நெற்பயிர் தன் வேர் வழியே கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிடுவதால் வேரைச் சுற்றித் துருப்பூச்சு படிகிறது. பிடுங்கிய நாற்றின் வேர் செம்பட்டையாக இருப்பது அதனால்தான்.

பழைய டெல்டாவின் கனத்த களிமண்ணிலும் ஆற்றை ஒட்டிய படுகை மண்ணிலும் இந்த இரண்டு படலங்களும் தெளிவாகப் பிரிந்து தெரியும். கல்லணைக் கால்வாய் பாயும் மதுக்கூர், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் கலந்த நிலத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், எல்லை அவ்வளவு கச்சிதமாக இருக்காது. வேதாரண்யம் பக்கம் உப்பும் சல்ஃபைடும் அதிகம். அங்கே இரும்பு கறுத்த சல்ஃபைடாக இருக்கும். நைட்ரேட் கொடுத்தால் இரும்பை விட்டுவிட்டு சல்ஃபைடைத் தின்னும் தையோபேசில்லஸ் வகைகள் முந்திக்கொள்ளும். முதல் முயற்சிக்கு அந்த மண் வேண்டாம். செய்தே தீர வேண்டுமென்றால் மண்ணின் மின்கடத்துத்திறனை அளந்து, மீடியத்தின் (பாக்டீரியாவை வளர்க்கும் கரைசல்) உப்பையும் அந்த அளவுக்கு உயர்த்துங்கள்.

வாய்க்கால் கரையில் காவி நிறப் பஞ்சு போலக் கசியும் இடங்களும் நல்ல வளம். அங்கே தண்ணீர் மேல் எண்ணெய் போல வானவில் படலம் மிதக்கும். எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஊர்களில் இதைக் கண்டு பதறுவது உண்டு. ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து, உடைந்தபடியே நின்றால் அது இரும்புப் படலம். வெட்டிய இடம் உடனே கூடிக்கொண்டால் எண்ணெய். இந்தப் படலத்தை உண்டாக்குபவை பெரும்பாலும் ஆக்சிஜனை நம்பி வாழ்பவை. நமக்கு வேண்டியது அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே.

எடுக்கும் கருவிக்குச் செலவே இல்லை. 60 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வட்டமாக அறுத்துவிடுங்கள். உள்தண்டை மண்பரப்பின் மட்டத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாயை மட்டும் சேற்றில் இறக்குங்கள். 5 சென்டிமீட்டர் இறங்கியதும் அடியில் விரலைக் கொடுத்து வெளியே எடுத்து, ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். ஒரு வயலில் ஐந்து இடம் போதும். ஐஸில் புதைக்காமல் நிழலில், குளிர்ச்சியாகக் கொண்டுவந்து அன்றே அல்லது மறுநாளே பயன்படுத்துங்கள். பூச்சிமருந்து அடித்து ஒரு வாரம் ஆகாத வயலைத் தவிர்ப்பது நல்லது.

தேவையான சாமான்கள்

50 மி.லி. சீரம் பாட்டில் இருபது, தடித்த பியூட்டைல் ரப்பர் மூடிகள், அலுமினிய வளையம், கிரிம்பர். மருந்துக் குப்பிக்கு வரும் சாதாரண ரப்பர் மூடி ஆகாது. அது வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஆக்சிஜனை உள்ளே விடும். மூடியில்தான் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், அதிலேயேதான் சோதனை கெடுகிறது.

வாயுவுக்கு 80 பங்கு நைட்ரஜன், 20 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டர். அதில் இருக்கும் நுண்ணளவு ஆக்சிஜனை, 350 டிகிரிக்குச் சூடாக்கிய செம்புத் துருவல் குழாய் வழியே விட்டு அகற்றுவது வழக்கம். செம்புக் குழாய் வசதி இல்லையென்றால் கிடைப்பதில் மிக உயர்ந்த தூய்மை உள்ள சிலிண்டரை வாங்குங்கள். வெல்டிங் பட்டறைக்குப் போகும் நைட்ரஜனை நம்ப வேண்டாம்.

ஆக்சிஜன் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: 25 மி.லி. மீடியத்தில் 10 மில்லிமோலார் (லிட்டருக்கு 10 மில்லிமோல்) இரும்பு என்றால் மொத்தம் 0.25 மில்லிமோல். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு ஃபெரஸ் அயனியைத் துருவாக்கும். 1 மி.லி. காற்று உள்ளே போனால் அதிலுள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய 0.034 மில்லிமோல் இரும்பைத் தின்றுவிடும். அதாவது ஏறக்குறைய 14 சதவீதம் போயிற்று. மாதிரி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சில் கால் மி.லி. காற்று இருந்தால், நான்கே தடவையில் இந்தக் கணக்கு நேராகிவிடும்.

மீடியம்

ஒரு லிட்டருக்கு:

பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.14 கிராம்
அம்மோனியம் குளோரைடு 0.3 கிராம்
மெக்னீசியம் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறு உள்ளது) 0.5 கிராம்
கால்சியம் குளோரைடு (இரண்டு நீர்) 0.1 கிராம்

இவற்றை 960 மி.லி. வடிநீரில் கரைத்து ஆட்டோகிளேவ் செய்யுங்கள். இறக்கிய சூட்டோடு வாயுக் குழாயை உள்ளே விட்டு, வாயு பாயப் பாயவே ஆறவிடுங்கள். ஆறிய பிறகு வாயுவைக் காட்டினால் அதற்குள் தண்ணீர் ஆக்சிஜனைத் திரும்பக் குடித்திருக்கும்.

ஆறியதும் 1 மோலார் சோடியம் பைகார்பனேட் 22 மி.லி. (100 மி.லி.-க்கு 8.4 கிராம், வடிகட்டிக் கிருமி நீக்கியது), நுண்ணூட்டக் கரைசல் 1 மி.லி., வைட்டமின் கரைசல் 1 மி.லி. சேருங்கள். பி.எச். 6.8-க்கும் 7.0-க்கும் இடையில் தானாகவே நிற்க வேண்டும். 8-ஐ நோக்கி ஏறினால் கார்பன் டை ஆக்சைடு வரவில்லை, தனி நைட்ரஜன்தான் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் இரும்பைச் சேர்த்தால் எல்லாம் கார்பனேட்டாக அடியில் உட்கார்ந்துவிடும்.

இப்போது இரும்பு சேர்க்காமல் 100 மி.லி.-ஐத் தனியே எடுத்து வாயுவின் கீழ் வையுங்கள், ஒரு கண்ட்ரோலுக்கு வேண்டும். மீதியில் 1 மோலார் ஃபெரஸ் குளோரைடு 9 மி.லி. விடுங்கள். இந்தக் கரைசலை 100 மி.லி. ஆக்சிஜன் நீக்கிய நீரில் நான்கு நீர் மூலக்கூறு உள்ள உப்பு 19.9 கிராம் போட்டுத் தயாரிக்கலாம். அது இளம்பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினால் கொட்டிவிட்டு வேறு செய்யுங்கள். மஞ்சள் தட்டாமலிருக்க ஒரு இரும்பு ஆணியைப் போட்டு வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இங்கே அது கூடாது. ஆணியிலிருந்து ஹைட்ரஜன் வரும், நைட்ரேட் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்கு ஹைட்ரஜன் நல்ல தீனி. எதைத் தின்று வளர்ந்தன என்றே பிறகு தெரியாது.

உரக்கடை அன்னபேதியைப் போடலாமா என்று கேட்பார்கள். அதுவும் ஃபெரஸ் உப்புதான், ஆனால் கடையில் இருக்கும்போதே மேலே பழுப்புப் பொருக்குத் தட்டியிருக்கும். ஆய்வகத் தரத்து ஃபெரஸ் சல்பேட்டும் முதல் தேர்வு அல்ல. நைட்ரேட் தீர்ந்த பாட்டிலில் சல்பேட்டை ஒடுக்கும் கூட்டம் தலையெடுத்து, எல்லாம் கறுத்துவிடும்.

இரும்பு விழுந்ததும் வெண்மையாகத் திரியும். பயப்பட வேண்டாம். பாஸ்பேட்டும் கார்பனேட்டும் இரும்போடு சேர்ந்து படிகின்றன. 1 மில்லிமோலார் பாஸ்பேட் மட்டுமே 1.5 மில்லிமோலார் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். காற்றுப் புகாமல் உள்ளே கைவிட்டு வேலை செய்யும் கையுறைப் பெட்டி இருந்தால் இரண்டு நாள் குளிரில் வைத்துப் பெட்டிக்குள்ளேயே 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். தெளிந்த மீடியத்தில் இரும்பு 10-க்குக் கீழேதான் இருக்கும், அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி இல்லாதவர்கள் வடிகட்ட முயல வேண்டாம். திரிந்ததோடேயே பாட்டில்களில் நிரப்புங்கள். ஒன்றே ஒன்று, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு நிரப்ப வேண்டும், இல்லையென்றால் பாட்டிலுக்குப் பாட்டில் இரும்பின் அளவு மாறும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரே கிடைக்காவிட்டால் 20 மில்லிமோலார் பைப்ஸ் பஃபரில் (பி.எச். மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), பி.எச். 7.0-இல், தனி நைட்ரஜனின் கீழ் செய்யலாம். அப்போது அந்தப் பதினெட்டு ஹைட்ரஜன் அயனியை நினைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமோலார் இரும்பு முழுதும் துருவானால் 18 மில்லிமோலார் அமிலம் பிறக்கும். இந்த பஃபர் அதைத் தாங்காது. இரும்பை 3 மில்லிமோலாருக்குக் குறைத்தால் பி.எச். ஏறக்குறைய 6.5-இல் நிற்கும். தன் கார்பனைத் தானே கட்டிக்கொள்ளும் வகைகளுக்காக 2 மில்லிமோலார் பைகார்பனேட்டும் சேருங்கள்.

பாட்டில்களை அடுக்குதல்

10 கிராம் ஈர மண்ணை, ஆக்சிஜன் நீக்கிய, இரும்பில்லாத உப்புக் கரைசல் 90 மி.லி.-இல் வாயுவின் கீழ் கரையுங்கள். இரண்டு நிமிடம் மணல் அடியில் படியட்டும். மேலே நிற்கும் கலங்கலே வித்து. இதில் பாதியைத் தனியே எடுத்து மூடி, அடுத்தடுத்த மூன்று நாள் 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். ஒரு நாள் செய்தால் சூட்டைத் தாங்கும் பாக்டீரியா அகவித்துகள் (ஸ்போர்) பிழைத்துவிடும். மூன்று நாள் ஆகும் என்பதால் இந்தக் கொன்ற வித்தை முன்கூட்டியே அதே வயல் மண்ணில் தயாரித்து வைத்துக்கொள்வது வசதி. மூடிய கண்ணாடியை ஆட்டோகிளேவிலிருந்து எடுக்கும்போது முகம் முழுதும் மறைக்கும் தடுப்புக் கவசம் கட்டாயம். அழுத்தத்தில் வெடித்தால் சில்லு முகத்துக்குத்தான் வரும்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் 22.5 மி.லி. மீடியம், 2.5 மி.லி. வித்து. நைட்ரேட் 4 மில்லிமோலார் வேண்டும், எனவே 1 மோலார் சோடியம் நைட்ரேட்டில் (100 மி.லி.-க்கு 8.5 கிராம்) 0.1 மி.லி. பாக்டீரியாவுக்குத் துணைத் தீனியாக அசிட்டேட் 0.5 மில்லிமோலார், அதாவது 0.1 மோலார் கரைசலில் 0.125 மி.லி. இந்த அளவுகள் வாய்க்கு வந்தவை அல்ல: 10 மில்லிமோலார் இரும்புக்கு 2, அந்த அசிட்டேட்டுக்கு 0.8, ஆக 2.8 மில்லிமோலார் நைட்ரேட் செலவாகும். 4 வைத்தால் கொஞ்சம் மிஞ்சும். அசிட்டேட்டை அள்ளிக் கொட்டினால் பாக்டீரியா கொழிக்கும், நைட்ரைட்டும் குவியும், இரும்பு வேதியியலாகவே சிவந்துவிடும்.

ஆறு வகை, வகைக்கு மூன்று பாட்டில், மொத்தம் பதினெட்டு. முதல் வகை உயிருள்ள மண், இரும்பு, நைட்ரேட். இதுதான் சோதனை. இரண்டாவதில் நைட்ரேட் மட்டும் இல்லை. இதுவும் சிவந்தால் காற்று கசிகிறது, வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. மாறாக இதில் ஃபெரஸ் கூடினால் கவலை வேண்டாம், மண்ணிலுள்ள பழைய துருவை இரும்பை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் கரைக்கின்றன. மூன்றாவது கொன்ற மண்ணோடு நைட்ரேட். நான்காவது மண்ணே இல்லாத மீடியத்தில் நைட்ரேட். இந்தச் சூழலில் நைட்ரேட் தானாக இரும்பைத் தொடாது, எனவே இவ்விரண்டும் வெளிறியே நிற்க வேண்டும்.

ஐந்தாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொன்ற மண், இரும்பு, நைட்ரேட்டுக்குப் பதில் 2 மில்லிமோலார் நைட்ரைட் (1 மோலார் கரைசலில் 0.05 மி.லி.). நைட்ரேட்டை ஒடுக்கும் எந்தச் சாதாரண பாக்டீரியாவும் வழியில் நைட்ரைட்டை விடும். அந்த நைட்ரைட் நொதி எதுவும் இல்லாமலே இரும்பைத் துருவாக்கி, தான் நைட்ரஸ் ஆக்சைடாகும். களிமண் பரப்பும் புதிதாகப் படிந்த துருவும் இந்த வினையை இன்னும் விரட்டும். அதனால்தான் இதை வெறும் மீடியத்தில் வைக்காமல் கொன்ற மண்ணோடு வைக்கச் சொல்கிறோம். இந்தப் பாட்டிலில் சிவக்கும் வேகத்தை முதல் பாட்டிலின் வேகத்தோடு ஒப்பிட்டால், பாக்டீரியா நேரடியாகச் செய்த பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும். அசிட்டேட்டோடு வளரும் அசிடோவோரக்ஸ் போன்ற புகழ்பெற்ற வகைகளிலேயே இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

ஆறாவது, எடுத்து வைத்த இரும்பில்லா மீடியத்தில் உயிருள்ள மண், நைட்ரேட். இரும்பில்லாமல், மண்ணிலுள்ள கரிமமும் அசிட்டேட்டும் மட்டுமே எவ்வளவு நைட்ரேட்டைத் தின்கின்றன என்று இது சொல்லும்.

எல்லாவற்றையும் அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில், 28 முதல் 30 டிகிரியில் வையுங்கள். இருட்டு முக்கியம். வெளிச்சம் பட்டால் நைட்ரேட் இல்லாமலே ஒளியால் இரும்பைத் துருவாக்கும் ஊதா பாக்டீரியாக்கள் உண்டு, வயல் மேற்பரப்பு அவற்றுக்கு ஏற்ற இடம். ஏப்ரல், மே வெயிலில் அறை வெப்பத்தை நம்பாமல் இன்குபேட்டரில் வையுங்கள்.

அளத்தல்

தொடக்க நாள், பிறகு 2, 4, 7, 10, 14, 21-ஆம் நாள். 1 மி.லி. சிரிஞ்சை மூன்று முறை வாயுவால் கழுவுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, கலங்கல் இறங்குவதற்குள் 0.1 மி.லி. எடுங்கள்.

அதை நேராக 0.9 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விடுங்கள். அந்த அமிலத்தில் 40 மில்லிமோலார் சல்ஃபாமிக் அமிலம், லிட்டருக்கு 3.9 கிராம், கலந்திருக்க வேண்டும். வெறும் அமிலத்தில் விட்டால் மாதிரியில் இருக்கும் நைட்ரைட், அமிலச் சூழலில் வெறியோடு ஃபெரஸைத் தாக்கும். பாட்டிலில் நடக்காத துருவேற்றம் சோதனைக் குழாயில் நடந்துவிடும், அதைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதுவீர்கள். சல்ஃபாமிக் அமிலம் நைட்ரைட்டை நைட்ரஜனாக்கி வெளியேற்றிவிடும்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பத்து மடங்கு நீர்த்து, ஃபெரஸோடு சேர்ந்து ஊதா நிறம் தரும் ஃபெரோசின் கரைசலைச் சம அளவு (0.1 சதவீத ஃபெரோசின், 50 சதவீத அம்மோனியம் அசிட்டேட்டில்) சேர்த்து, ஐந்து நிமிடத்தில் 562 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். 10 மில்லிமோலார் இரும்பு இப்படி நீர்த்தால் ஏறக்குறைய 1.4 காட்டும். ஃபெரோசின் விலை கட்டுப்படியாகாத இடத்தில் வேதியியல் துறையிலிருந்து பினாந்த்ரோலின் வாங்கி 510-இல் படிக்கலாம். அதில் இதே மாதிரி 0.55 அளவு காட்டும், சின்ன மாற்றங்கள் கண்ணில் படுவது கடினம்.

மொத்த இரும்பையும் கூடவே அளந்து வாருங்கள். அமில மாதிரியில் 10 சதவீத ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு சேர்த்து அரை மணி வைத்தால் எல்லாம் ஃபெரஸாகும். மொத்தத்திலிருந்து முன்பு கண்ட ஃபெரஸைக் கழித்தால் ஃபெரிக். மொத்த இரும்பு நாளுக்கு நாள் மாறக் கூடாது. குறைந்துகொண்டே வந்தால் பாக்டீரியாவைக் குறை சொல்லாதீர்கள், நீங்கள் குலுக்குவது போதவில்லை.

நைட்ரைட்டை அளக்க, அதை நிறமாகக் காட்டும் கிரீஸ் (Griess) வினை, 540 நானோமீட்டர். இந்த மாதிரியில் அமிலம் சேர்த்து வைக்கக் கூடாது. எடுத்தவுடன் சுழற்றித் தெளிவை மட்டும் எடுத்துச் செய்யுங்கள்.

என்ன தெரியும், எது கெடும்

ஒழுங்காக நடந்தால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு வெண்திரிவு மெல்ல இளம்பச்சைச் சாம்பலாகும், அதிலிருந்து காவியாகும். நடுவில் வரும் பச்சை, பச்சைத் துரு எனப்படும் இடைநிலைக் கனிமம், அழுக்கு அல்ல. அசிட்டேட் உள்ள பாட்டில், ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் நிறம் மாறும். இல்லாதது மாதக்கணக்கில் இழுக்கலாம்.

மறுநாளே ஆரஞ்சு நிறமா? காற்று. மூடியை ஒட்டி மேலே மட்டும் காவி வளையமா? அதுவும் காற்று, மூடி கசிகிறது.

பாட்டிலில் நிறையக் குமிழி வந்து மூடி உப்பினால் இரும்பு வேலை செய்கிறது என்று எண்ண வேண்டாம். 25 மி.லி.-இல் உள்ள இரும்பு முழுதும் துருவானாலும் வரும் நைட்ரஜன் 0.6 மி.லி.-தான். அதற்கு மேல் வருவது மண்ணின் மக்கை மற்ற பாக்டீரியா தின்றதால். வைக்கோல் மக்கிய சேற்றில் இது மிகுதி.

பாதியில் நின்றுவிட்டால் முதலில் நைட்ரேட் மிச்சம் உள்ளதா பாருங்கள். இருந்தால், செல்களே துருவில் புதைந்துவிட்டன. அசிடோவோரக்ஸ் வகையில் செல்லின் உள்ளுறைக்கும் வெளியுறைக்கும் நடுவே துரு படிந்து, அது ஓட்டுக்குள் அகப்பட்ட நத்தை போலாகிவிடும். முழுதும் சிவக்கும்வரை காத்திருக்காமல் 70 சதவீதம் துருவானதும் அடுத்த பாட்டிலுக்கு மாற்றுவது இதனால்தான்.

மாற்றுவது தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான்: 2.5 மி.லி. எடுத்துப் புது 22.5 மி.லி.-இல். மூன்றாம் மாற்றத்தில் பெரும்பாலான வளர்ப்புகள் படுத்துவிடும். மண்ணோடு வந்த கரிமம் அதற்குள் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும், அதை நம்பி இருந்த கூட்டம் போகும். இதைத் தோல்வி என்று எண்ணிக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு மாதம் இருட்டில் விட்டுவைத்தால் சிலது மெல்ல எழும். ஐந்து மாற்றம் தாண்டி, அசிட்டேட் இல்லாமலும் இரும்பைத் துருவாக்கினால் கையில் இருப்பது அரிய பொருள். பிரேமன் நகரத்துப் பள்ளம் ஒன்றிலிருந்து 1996-இல் வந்த கே.எஸ். வளர்ப்பு இப்படிப்பட்டதுதான், அதில் இரும்பைத் துருவாக்கும் காலியோனெல்லா குடும்பம் மற்றவற்றோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது.

மண்ணில் இந்த பாக்டீரியா எத்தனை என்ற எண்ணிக்கை வேண்டுமென்றால் பத்துப் பத்து மடங்காக ஒன்பது படி நீர்த்து, படிக்கு ஐந்து குழாய் வைத்து, பன்னிரண்டு வாரம் காத்து, சிவந்த குழாய்களின் எண்ணிக்கையை எம்.பி.என். (most probable number) அட்டவணையோடு ஒப்பிடுங்கள். தனி இனம் பிரிக்க, கழுவிய அகர் 1 சதவீதத்தை 40 டிகிரியில் மீடியத்தோடு கலந்து குழாயில் உறைய விடுங்கள், காவி நிறப் புள்ளியாகத் தெரியும் காலனியை வாயுவின் கீழ் நுண்குழாயால் உறிஞ்சி எடுங்கள். இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தினால் அசிடோவோரக்ஸ், அசோஸ்பைரா, டீக்ளோரோமோனாஸ், சூடோகுல்பென்கியானியா போன்ற பெயர்கள் வர வாய்ப்புண்டு. பெயர் வந்ததால் மட்டும் அது இரும்பைத் தின்னும் என்று ஆகாது. தனித்த இனத்தை ஆறு வகைப் பாட்டிலிலும் மறுபடி ஓட்ட வேண்டும்.

இதை உயிர் உரமாக்கி வயலில் விடலாமா, இரும்பு நச்சு உள்ள நிலத்தில் நைட்ரேட் உரம் போட்டால் சரியாகுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். இந்த பாக்டீரியா ஏற்கெனவே வயலில் இருக்கிறது. நீர் நிற்கும் வயலில் போடும் நைட்ரேட்டில் பெரும்பகுதி வாயுவாகப் பறக்கும், மீதி வாய்க்கால் வழி போகும். இரும்பு நச்சுக்கு நடுவில் ஒருமுறை தண்ணீரை வடித்துக் காயவிடுவதே மலிவான மருந்து.

வளர்ப்பைக் காக்க, 70 சதவீதம் துருவான பாட்டிலைக் குளிர்பெட்டியில் இருட்டில் வைத்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் நைட்ரேட் இல்லாத பாட்டில் ஒன்றைக் கூட வையுங்கள். அது வெளிறியே இருக்கும்வரை மற்றதன் சிவப்பை நம்பலாம்.